மல்லிப்பூ ஏன் பஞ்சா மாறுச்சு?

(காட்சி: மயிலாப்பூர் மாட வீதி, காலை 11 மணி வெயில்)

இந்தப் படத்தைப் பாருங்க. பூக்கார அக்கா தார்ப்பாய் நிழல்ல உட்கார்ந்திருக்காங்க. கூடை மட்டும் வெயில்ல. எடுத்தப்போ ஸ்கிரீன்ல அம்சமா தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்து பெருசாக்கிப் பார்த்தா மல்லியையே காணோம்! கூடை நிறைய வெள்ளைப் பஞ்சு. இதழும் இல்ல, காம்பும் இல்ல.

கேமராவைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. அதுக்கு மல்லியும் தெரியாது, தார்ப்பாயும் தெரியாது. ஃப்ரேம்ல இருக்கிறதையெல்லாம் கலந்து பார்த்தா நடுத்தரச் சாம்பல் நிறம் வரணும். அதோட கணக்கு அவ்வளவுதான். இங்க முக்கால்வாசி நிழல். இருட்டா இருக்கேன்னு அதுவா வெளிச்சத்தை ஏத்திடுச்சு. பலி, பூ.

(காட்சி: பூக்கூடை, மிக நெருக்கத்தில்)

அதே பூவை ஃப்ரேம் முழுக்க நிரப்பி எடுங்க. இப்போ கதை தலைகீழ். எங்க பார்த்தாலும் வெள்ளையா இருக்கேன்னு கேமரா குறைச்சிடும், மல்லி துவைக்காத வேட்டி மாதிரி ஆயிடும். இங்க எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது கேமரா போட்ட வெளிச்சக் கணக்கை நாம ஏத்தி இறக்குற வசதியை, பிளஸ் 1 வையுங்க. முதல் படத்துக்கு மைனஸ் 1. இந்த 1-க்குப் பேர் ஒரு ஸ்டாப். ஒரு ஸ்டாப் ஏத்தினா வெளிச்சம் ரெண்டு மடங்கு, இறக்கினா பாதி.

சென்னை வெயில்ல ஸ்கிரீனைப் பார்த்து முடிவெடுக்காதீங்க. ஹிஸ்டோகிராமைப் பாருங்க, படத்துல இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவுன்னு காட்டுற வரைபடம் அது. இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை. மேடு வலது சுவர்ல முட்டி நின்னா, அங்க விவரம் போச்சு. கூடை சின்னதா இருந்தா அந்த மேடு கண்ணுக்கே தப்பிடும். அதனால ஹைலைட் எச்சரிக்கையையும் போட்டு வையுங்க, வெளுத்த இடம் மினுக்கும்.

சரி, பயந்துக்கிட்டு ஒரேயடியா இருட்டா எடுத்துட்டா? அதுவும் நஷ்டம். ரா ஃபைல்னா சென்சார் பதிஞ்சதைப் பெரும்பாலும் அப்படியே வைக்கிற ஃபைல். 14 பிட் ரா ஃபைல்ல கறுப்புல இருந்து வெள்ளை வரைக்கும் 16,384 வெளிச்சப் படிகள். சென்சார் வெளிச்சத்தை நேர் விகிதத்துல எண்ணுறதால, அதுல பாதி, 8,192 படி, உச்ச வெளிச்சமான ஒரே ஒரு ஸ்டாப்புக்குப் போயிடும். கீழ இறங்க இறங்க பாதி பாதியா குறையும். அடி நிழலுக்குச் சில்லறைதான் மிச்சம். அதை அப்புறம் எடிட்டிங்ல வெளிச்சமாக்க இழுத்தா புள்ளி புள்ளியா நாய்ஸ் கிளம்பும். சாதாரணமா நாம பகிர்ற ஜேபெக் படத்துல மொத்தமே 256 படிதான், அதுல இழுக்கவே யோசிக்கணும். ஆக, பூ வெளுக்காத எல்லை வரைக்கும் ஏத்துங்க, அதைத் தாண்டாதீங்க.

(காட்சி: மறுநாள், அதே இடம்)

ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் 1/500. இதழ் இதழா மல்லி கிடைச்சுது. அக்காகிட்ட காட்டினேன். “பூ நல்லாத்தான் இருக்கு, நான்தான் கறுப்பா கீறேன்”னாங்க. நியாயம்தானே? எடிட்டிங்ல நிழலை மட்டும் வெளிச்சமாக்குற ஸ்லைடரை நம்பாம, ஒரு தெர்மாகோல் அட்டையை வெயில்ல பிடிச்சு அவங்க முகத்துப் பக்கம் திருப்பினேன். சினிமாக்காரங்க பழைய வித்தை. எக்ஸ்போஷரைத் தொடவே இல்ல.

(காட்சி: அக்கா, கூடை, ரெண்டும் தெளிவா)