பழி தானியத்தின் மீதா, தண்ணீர் அளவின் மீதா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "அன்றாடச் சமையலுக்குச் சிறுதானியம் ஒத்துவருமா, வராதா?" என்பது தலைப்பு. ஒத்துவரும் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் மூன்று குற்றம் சாட்டிவிட்டு அமர்ந்தார்: இட்லி கல்லாகிறது, பொங்கல் களியாகிறது, பிள்ளைகள் தட்டைத் தள்ளுகிறார்கள். மூன்றும் பல வீடுகளில் நடப்பதுதான். அரிசிக்கு வைக்கிற அளவையே சாமைக்கும் வைத்தால் வேறென்ன நடக்கும், ஐயா?

இட்லியை எடுத்துக்கொள்வோம். எடுத்த எடுப்பில் அரிசியை முழுக்க ஒதுக்க வேண்டாம். இட்லி அரிசி 2 டம்ளர், சாமை 2 டம்ளர், முழு உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 தேக்கரண்டி. சாமையில் பொடிக்கல் இருக்கும், அரித்துவிட்டுத்தான் ஊறவைக்க வேண்டும். அரிசியும் சாமையும் 4 மணி நேரம் ஊறட்டும். உளுந்தைக் குளிர்ந்த நீர் தெளித்துத் தெளித்து, பொங்கப் பொங்க ஆட்டுங்கள். தவறு நடப்பது அடுத்த கட்டத்தில்தான். சாமை சிறிய மணி, சீக்கிரம் மசியும். அரிசிக்கு ஓடவிடும் நேரம் கிரைண்டரை ஓடவிட்டால் சந்தனம் போல் ஆகிவிடும். அந்த மாவில் இட்லி எழும்பாது, பிசுபிசுக்கும். ரவைப் பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். தண்ணீரும் கொஞ்சம் குறைவாகவே போதும். உப்புப் போட்டுக் கையால் கலந்து வைத்தால் கோடையில் 8 மணி நேரத்தில் பொங்கிவிடும். மார்கழியில் 12 மணி நேரமும் ஆகும். கடிகாரத்தை நம்பாதீர்கள், மாவு எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று முறை சரியாக வந்தபின் சாமையைக் கூட்டிக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு சாமை 1 டம்ளர், வறுத்த பாசிப்பருப்பு அரை டம்ளர், தண்ணீர் 5 டம்ளர், மூன்று விசில். குக்கரைத் திறந்தால் தளர்வாகத் தெரியும். ஐயோ என்று மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள், அந்தப் பதம்தான் சரி. ஆற ஆற மாவுச்சத்து இறுகும். தாமதமாகச் சாப்பிட வருகிறவருக்கு அரை டம்ளர் வெந்நீர் விட்டுக் கிளறிக் கொடுங்கள்.

எலுமிச்சை சாதம், புளியோதரைக்குக் குக்கரே வேண்டாம். 20 நிமிடம் ஊறிய சாமை 1 டம்ளருக்குக் கொதிநீர் 2 டம்ளர். மூடி, சிறு தீயில் தண்ணீர் வற்றும்வரை வைத்து, அடுப்பை அணைத்தபின் 10 நிமிடம் தொடாமல் விடுங்கள். தட்டில் பரப்பி ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டால் உதிரியாக நிற்கும்.

பிள்ளைகளுக்குக் கேழ்வரகு அடை கொடுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வளரும் வயதில் இதை விடலாமா? அடை விரிசல் விட்டுப்போகிறது என்பார்கள். கேழ்வரகில் கோதுமையின் பசைத்தன்மை கிடையாது, அதனால் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் விரிசல் விடத்தான் செய்யும். கொதிநீர் விட்டுக் கரண்டியால் கிளறி, சூடு பொறுக்கும்போது பிசைய வேண்டும். வெங்காயமும் முருங்கைக்கீரையும் பொடியாக நறுக்கிச் சேருங்கள்.

எதிரணிக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். சிறுதானியம் என்றால் சர்க்கரை நோயாளி வயிறு முட்டச் சாப்பிடலாம் என்ற பேச்சு தவறு. சாமையிலும் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான். சோறு ஒரு கிண்ணம் என்றால் சாமையும் ஒரு கிண்ணம்தான். தட்டில் கூட வேண்டியது பொரியலும் கூட்டும். தீர்ப்பை நடுவரிடம் விடுகிறேன். நன்றி, வணக்கம்.