கறுப்பாய், கனமாய் ஒரு கட்டை: என்ன மரம் இது?

[திரையில்: உள்ளங்கையில் அழுக்கேறிய கரும்பழுப்பு மரத்துண்டு]

வணக்கம். கரேலென்று ஒரு கட்டை, கல் மாதிரி கனம். பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "கருங்காலியா இருக்கும்." இருக்கலாம். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி மரத்துக்குப் பேர் வைக்கக் கூடாது. எண்ணெயும் அழுக்கும் சேர்ந்தால் எந்த மரமும் கறுத்துப்போகும். கருங்காலிக்குப் பதிலாகக் கறுப்புச் சாயமேற்றிய பேரிக்காய் மரம் வெகுகாலம் புழக்கத்தில் இருந்தது.

அதனால் முதல் வேலை, கண்ணில் படாத ஒரு மூலையில் உளியால் சின்னதாக ஒரு சீவு. உள்ளே வெளுத்திருந்தால் சாயம். உள்ளேயும் கறுப்பா? சரி, மேலே போகலாம்.

[திரையில்: தராசு மேல் தண்ணீர்ப் பாத்திரம்]

அடுத்தது எடை. கட்டை காய்ந்திருக்க வேண்டும், ஈரமரம் கணக்கைக் கெடுக்கும். முதலில் கட்டையை நிறுத்துக்கொள்ளுங்கள். 96 கிராம் என்று வைப்போம். அப்புறம் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, அளவைச் சுழியமாக்கி, கட்டையை ஒரு ஊசியால் குத்திப் பிடித்துத் தண்ணீருக்குள் முழுதாக அமிழ்த்துங்கள். பக்கத்திலோ அடியிலோ படக் கூடாது. தராசு 80 காட்டினால், கட்டையின் கன அளவு 80 கன சென்டிமீட்டர். 96ஐ 80ஆல் வகுத்தால் 1.2. இதுதான் கட்டையின் அடர்த்தி.

இது பெரிய எண். மரத்தின் செல்சுவர் எந்த மரமானாலும் ஏறக்குறைய 1.5 அடர்த்திதான், மிச்சமெல்லாம் உள்ளே இருக்கும் வெற்றிடம். தேக்கில் பாதிக்கு மேல் வெற்றிடம். நம் கட்டையில் ஐந்தில் ஒரு பங்குதான். ஈட்டியும் (ரோஸ்வுட்), வெங்கே என்ற ஆப்பிரிக்க மரமும் 0.8, 0.9 பக்கம் நிற்பதால் இங்கேயே கழன்றுகொள்கின்றன. கருங்காலி வகைகள் பெரும்பாலும் 1ஐ ஒட்டி வரும். 1.2க்கு மேல் என்றால் கிளாரினெட் செய்யும் ஆப்பிரிக்க பிளாக்வுட், கப்பல் சுழலித் தண்டுக்குத் தாங்கியாகப் போட்ட லிக்னம் வைட்டே போன்றவற்றைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

[திரையில்: புது பிளேடால் குறுக்குமுகத்தைச் சீவுதல், நெருக்கத்தில்]

உண்மையான அடையாளம் இங்கேதான். நம்மில் பலர் பக்கவாட்டு ரேகையைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறோம். மரம் தன்னைக் காட்டிக்கொடுப்பது குறுக்கு வெட்டில். உப்புத்தாள் போடாதீர்கள், தூள் போய்த் துளைகளை அடைத்துவிடும். புது பிளேடால் மெல்லச் சீவி, ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, பத்து மடங்கு லென்ஸை கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள்.

கருங்காலியில் துளைகள் பொடிசு. தனியாகவோ, இரண்டு மூன்றாக ஒரே கோட்டில் ஒட்டியோ இருக்கும். வெளிர்ந்த திசுக் கோடுகள் இருந்தாலும் அந்தக் கறுப்பில் கண்டுபிடிப்பதே சிரமம். வெங்கேவில் நேர்மாறு: கறுப்புப் பட்டை, வெளிர் பட்டை, மறுபடி கறுப்பு என்று லென்ஸ் இல்லாமலே தெரியும். பெரிய துளைகள் வளையம் கட்டி, மையத்திலிருந்து பட்டையை நோக்கி அகலமான கதிர்க்கோடுகளும் ஓடினால், அது சேற்றில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்து கறுத்த ஓக்.

[திரையில்: கண்ணாடிக் குவளைகளில் மரச்சீவல்]

சில மரங்களுக்குச் சின்னச் சோதனைகள் உண்டு. செஞ்சந்தனச் சீவலை ஸ்பிரிட்டில் போட்டால் ரத்தச் சிவப்பாக இறங்கும், தண்ணீரில் அப்படி இறங்காது. வேங்கைச் சீவல் ஊறிய தண்ணீர் புறஊதா விளக்கில் நீலமாக மின்னும். இப்பே என்ற தென்னமெரிக்க மரத்தின் துளைகளில் மஞ்சள் தூள் இருக்கும். சலவை சோடாக் கரைசல் பட்டால் அது சிவக்கும். லிக்னம் வைட்டே தொட்டாலே மெழுகு போல வழுக்கும். ஈட்டி வகைகளைப் புதிதாகச் சீவினால் வாசனை வரும், ஆனால் தூளை மூக்கருகே கொண்டுபோகாதீர்கள். தோல் அரிப்பும் மூச்சுத் தொந்தரவும் வரக்கூடும்.

லென்ஸ் பெரும்பாலும் பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டம், வரைதான் கொண்டுபோகும். கருங்காலியின் பேரினமான டயோஸ்பைரஸில் மட்டும் 500க்கு மேல் இனங்கள். எந்த இனம் என்று தெரிய வேண்டுமானால் மர ஆய்வகத்தின் நுண்ணோக்கிதான் வழி, சில சமயம் அதுவும் போதாது. விற்கப்போகிறீர்கள், வெளிநாட்டுக்கு அனுப்பப்போகிறீர்கள் என்றால் அந்தச் செலவைப் பார்க்காதீர்கள். ஈட்டியும் ஆப்பிரிக்க பிளாக்வுட்டும் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு 1992இலிருந்தே இன்னும் கடுமையான தடை.