மெக்கானிக் வராத நாளில்

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் பணியாளர் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கோப்புகளைப் புரட்டியவன் நான். அந்தக் கோப்புகளில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

எங்கள் தையல் கூடத்தில் நூல் பிசிறு வெட்டும் அக்கா ஒருவர் இருந்தார். பதினோரு ஆண்டுகள் அதே ஸ்டூல், அதே கத்தரி. துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் இயந்திரம் தையல் விடத் தொடங்கினால், பெண்கள் மெக்கானிக்கைத் தேட மாட்டார்கள். அக்காவைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார்கள். அவர் வந்து இயந்திரத்தை ஓட்டச் சொல்லித் தலையைச் சாய்த்துக் கேட்பார். ஊசியைக் கழற்றி, முனையை நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பார்ப்பார். கீறல் விழுந்தால் ஊசியை மாற்றச் சொல்வார். விழாவிட்டால் நூலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்துவார். மெக்கானிக் வந்து சேரும்போது இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்.

அவருடைய கோப்பில் இருந்தது இரண்டே வரி: 'ஆறாம் ஸ்டாண்டர்டு. ஒழுங்காக வேலைக்கு வருகிறார்.' இரண்டாம் வரியை எழுதியவன் நான்தான்.

கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராகச் சேர்ந்த ஹாமில்டன் நாக்கியை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். 1950களில், ஆய்வுக்கூடத்தில் ஓர் ஒட்டகச்சிவிங்கியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவரை அழைத்தார்கள். பிறகு விலங்குகளுக்கு உறுப்பு மாற்று அறுவை செய்யக் கற்று, மருத்துவர்களுக்கே சொல்லிக்கொடுத்தார். 1967இல் நடந்த உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையிலும் அவர் கைகொடுத்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அது உண்மையல்ல, அதை அச்சிட்ட பத்திரிகைகளே திருத்தம் வெளியிட்டன. மெய்யாக அவர் செய்ததே போதும், பொய் எதற்கு? 1991இல் ஓய்வு பெற்றபோது கிடைத்தது தோட்டக்காரருக்குரிய ஓய்வூதியம். கௌரவ முதுநிலைப் பட்டம் வந்தது 2003இல்.

1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், 20ஆம் பிரிவில், தகுதி எது என்று தெளிவாகவே சொல்கிறது: படிப்பு, முன்பே கற்றறிந்தது, அனுபவம், நியாயமான காலத்துக்குள் வேலையைக் கற்றுக்கொள்ளும் திறன். இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். நம் முதலாளிகள் பலர் 'படிப்பு' என்ற சொல்லோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

இந்தத் திறன் யாரிடம் இருக்கிறது என்று மேற்பார்வையாளரிடம் கேட்டும் பயனில்லை. நல்ல கையை வேறு பிரிவுக்கு விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வராது. கூட வேலை செய்பவர்களிடம் கேளுங்கள்: மெக்கானிக் வராத நாளில் யாரைக் கூப்பிடுவீர்கள்? நான் தனித்தனியாக ஏழு பெண்களிடம் கேட்டேன். ஏழு பேரும் ஒரே பெயரைச் சொன்னார்கள்.

பெருமையாகப் போய் அக்காவிடம், "இயந்திரப் பழுது பார்க்கப் பயிற்சி தரலாம் என்றிருக்கிறோம்" என்றேன். அவர் கத்தரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சம்பளமும் ஏறுமா தம்பி, வேலை மட்டும்தான் ஏறுமா?" என்று கேட்டார்.

மேலிடத்திலிருந்து பதில் வாங்க எனக்கு நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் அக்கா ஸ்டூலை விட்டு எழவில்லை. இயந்திரங்கள் மெக்கானிக்குக்காகக் காத்துக் கிடந்தன.