முதலில் காது, அப்புறம் கண்

(புதுச்சேரியில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

கோத்தகிரியை ஒட்டி லாங்வுட் சோலை என்று ஒரு காடு இருக்கிறது. கீழேயுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் தரும் காடு. அங்கே ஒரு விடியற்காலையில் பத்துப் பேர் பறவை பார்க்க நடந்தோம். கூட்டிப்போனவர் அரைமணி நேரம் ஒரு பறவையைக்கூடக் காட்டவில்லை. "முதல்ல காதைக் கொடுங்க" என்று சொல்லி நிற்க வைத்துவிட்டார். நின்றோம். புதருக்குள்ளிருந்து யாரோ கலகலவென்று சிரிப்பதுபோல ஒரு குரல். நீலகிரிச் சிரிப்பான்! நீலகிரியையும் அதை ஒட்டிய மலைகளையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை.

எங்களோடு வந்த ஒரு தம்பி, கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வெளியே வரவழைக்கப் பார்த்தார். வழிகாட்டி தடுத்தார். அந்தக் குரலைக் கேட்டால், வேறொரு பறவை தன் இடத்துக்குள் நுழைந்துவிட்டது என்று அது பதறுமாம். இரையை விட்டு, சமயத்தில் கூட்டையும் விட்டு, விரட்ட வருமாம். எனக்குச் சுருக்கென்றது; நானும் அப்படிச் செய்திருக்கிறேன்.

சரி, நம் ஊருக்கு வருவோம். ஊசுட்டேரியில் ஒரு பகுதி நம்முடையது, இன்னொரு பகுதி தமிழ்நாட்டுடையது. நம் பக்கத்தை 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பிறகு தமிழ்நாடும் தன் பக்கத்தை அறிவித்தது. பனிக்காலத்தில் வடக்கேயிருந்து ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் வந்து இறங்குகின்றன. நாமக்கோழியும் முக்குளிப்பானும் நம்மோடேயே இருப்பவை. அந்தக் கரையோரம் எத்தனையோ வருடம் வண்டியில் போயிருக்கிறேன், ஒருநாளும் நின்றதில்லை. நிறுத்திக் காட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. ஏரியில் வலை போடுகிறவரைக் கேளுங்கள். எந்த மாதம், எந்த மூலையில், எது இறங்கும் என்று அவருக்குத் தெரியும். நடைக்கு வழிகாட்டியாக நான் முதலில் அவரைத்தான் அழைப்பேன், உரிய கூலியும் கொடுத்து. பெயர் தெரியாவிட்டால் நாம் சொல்லிக்கொடுக்கலாம். பறவை இருக்கும் இடத்தை அவர்தான் சொல்ல முடியும்.

இந்த மார்கழியில் ஞாயிறுதோறும் போவோம், வாருங்கள். பளிச்சென்ற நிறச் சட்டை வேண்டாம். பைனாகுலர் இல்லாவிட்டால் பரவாயில்லை, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். விடியும்போதே கிழக்குக் கரையில் நின்றுவிடுங்கள். வெயில் முதுகுப்பக்கம் விழும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும்.