ரத்தக்கட்டில் ஏன் பச்சை?

நேயர்களுக்கு வணக்கம்.

கட்டில் முனையில் முழங்காலை இடித்துக்கொள்ளாதவர் யாரும் இருக்கமாட்டீர்கள். அன்றைக்கு அந்த இடம் சிவக்கும். மறுநாள் நீலம் பாய்ந்து கருக்கும். நாலைந்து நாளில் ஓரமெல்லாம் பச்சை, அப்புறம் மஞ்சள், பிறகு சுவடே இருக்காது.

எனக்குப் பத்து வயதில் வேப்பமரத்திலிருந்து விழுந்தேன். தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தக்கட்டு. அப்பத்தா புளி, உப்பு, மஞ்சள் கரைத்துக் கொதிக்கவைத்து, பொறுக்கிற சூட்டில் பத்து போட்டாள். அஞ்சாம் நாள் கழுவிப் பார்த்தால் பச்சை! கால் அழுகுகிறது என்று நான் அலற, "பச்சை விட்டா பாதி ஆறிருச்சுன்னு அர்த்தம்டா" என்றாள். எனக்குச் சந்தேகம், இது பத்தின் சாயமோ என்று. யாருக்கும் தெரியாமல் அடிபடாத காலிலும் பத்து போட்டுப் பார்த்தேன். அங்கே மஞ்சள்தான் ஒட்டியது, பச்சை வரவேயில்லை. புளியை வீணடித்ததற்கு முதுகில் இரண்டு விழுந்தது. பிற்பாடு ஆய்வுக்கூடத்தில் நான் செய்த சில சோதனைகளைவிட அது ஒழுங்கான சோதனை என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பச்சையைச் செய்வது ஒரு நொதி. பெயர் ஹீம் ஆக்சிஜனேஸ். 1968-இல் டென்ஹுனன், மார்வர், ஷ்மிட் என்ற மூவர் இதைப் பற்றி முதலில் எழுதினார்கள். ரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுப்பது ஹீம் என்ற வளையம். அதன் நடுவில் ஓர் இரும்பு அணு. இந்த நொதி வளையத்தை ஓரிடத்தில் வெட்டிவிடும். உடனே மூன்று பொருள்கள் வெளியே வருகின்றன. ஒன்று, பிலிவெர்டின் என்ற பச்சை நிறமி. இரண்டு, இரும்பு. மூன்று, கார்பன் மோனாக்சைடு. ஆமாம், வண்டிப் புகையில் வருகிற அதே நச்சு வாயுதான், துளித்துளியாக நம் உடம்பிலேயே உண்டாகிறது. பச்சையை இன்னொரு நொதி மஞ்சளாக்கும். அதுதான் பிலிருபின், காமாலையில் கண்ணில் தெரிகிற மஞ்சள். மைனா முட்டையின் நீலத்துக்கும் இந்தப் பிலிவெர்டின்தான் காரணம். அது வேறு கதை, போனால் திரும்பி வரமாட்டேன்.

தெருவில் "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிப் போவார்களே, அந்த ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். நம் நொதியும் அப்படி ஒரு இரும்புக்காரர்தான். 120 நாள் ஓடித் தேய்ந்த சிவப்பணுக்களை மண்ணீரலில் தினமும் உடைத்துப் பிரிப்பது இவருடைய வாடிக்கையான வேலை. ஆனால் 1989-இல் கீஸ், டிரெல் என்ற இருவர் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். மனிதத் தோல் செல்கள்மேல் புற ஊதாக் கதிர் பட்டாலும், ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டாலும், ஆர்செனிக் சேர்ந்த ஓர் உப்பு பட்டாலும், அவை ஒரு புரதத்தை அவசர அவசரமாகத் தயாரித்தன. அந்தப் புரதம் இதே ஹீம் ஆக்சிஜனேஸ்! ரத்தமே இல்லாத இடத்தில் இரும்புக்காரருக்கு என்ன வேலை?

வேலை இருக்கிறது. செல் அடிபட்டால் உள்ளே இருக்கும் ஹீம் கழன்று திரியும், பட்ட இடமெல்லாம் சேதம். அதை உடைத்தாக வேண்டும். உடைத்தால் வருகிற பிலிருபின், ஆக்சிஜன் சேதத்தைத் தடுக்கவல்லது என்று 1987-இலேயே காட்டிவிட்டார்கள். கழிவு என்று நாம் நினைத்தது காவலாகவும் இருக்கிறது. அடிபட்டால் வருகிற ஆள் இவர், இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவர் வராவிட்டால் என்ன ஆகும்? 1999-இல் ஜப்பானியர்கள் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார்கள். இந்த நொதிக்கான மரபணு அவனிடம் வேலை செய்யவில்லை. சிவப்பணுக்கள் சிதைந்துகொண்டே இருந்தும் காமாலை மஞ்சள் ஏறவில்லை. ரத்தக்குழாய்களின் உட்சுவர் புண்ணாகிக்கொண்டே இருந்தது. ஆறு வயதில் இறந்துபோனான். நடுத்தர வயதில் எதிர்பார்க்கிற கொழுப்புப் படிவு அந்தப் பிள்ளையின் பெருந்தமனியில் தொடங்கியிருந்தது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் மேலே போவேன்.

அப்படியானால் இந்த நொதி கூடினால் முதுமை தள்ளிப்போகுமா? இங்கேதான் சிக்கல். இரும்புக்காரர் உடைத்த இரும்பை எங்கே வைப்பார்? ஃபெரிட்டின் என்ற குடோனில். இளமையில் குடோனில் இடம் இருக்கும், மிச்சமும் வெளியே போய்விடும். வயதான மூளையில் தொந்தரவு ஓய்வதில்லை. ஆளும் போகாமல் உடைத்துக்கொண்டே இருக்கிறார், இரும்பு வாசலிலேயே குவிகிறது. மான்ட்ரியாலைச் சேர்ந்த ஷிப்பர், அல்சைமர் நோயாளிகளின் மூளையில் நரம்பு செல்களைத் தாங்கும் செல்களில் இந்த நொதி மிகுதியாக இருப்பதை 1995-இல் காட்டினார். நெடுநாள் மிகுதி, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் இரும்பைச் சேர்த்து நோயை வளர்க்கிறது என்பது அவர் வாதம். இல்லை, அது கடைசிவரை காக்கத்தான் பார்க்கிறது என்பவர்களும் உண்டு. நான் ஷிப்பர் பக்கம் சாய்கிறவன். அடிபட்ட அன்று வருவதும் ஆண்டுக்கணக்கில் தங்குவதும் ஒன்றல்ல.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடமாம். புற்றுக்கட்டிகளும் தங்களைக் காத்துக்கொள்ள இதே நொதியைப் பயன்படுத்துகின்றன. அதைப் பற்றி நாலு பக்கம் எழுதி வந்திருக்கிறேன், விட்டுவிடுகிறேன். மஞ்சளைப் பற்றிக் கேட்பீர்கள். மஞ்சளிலுள்ள குர்குமின், கண்ணாடித் தட்டில் வளர்க்கும் செல்களில் இந்த நொதியைத் தூண்டுவது உண்மை. ஆனால் சாப்பிடுகிற மஞ்சளில் ரத்தத்துக்குப் போய்ச் சேரும் குர்குமின் மிகமிகக் கொஞ்சம். ரசத்தில் போடுங்கள், மாத்திரைக்குக் காசைக் கொட்டவேண்டாம். கடைசியாக ஒன்று: சிலருக்கு ரத்தப் பரிசோதனையில் பிலிருபின் எப்போதும் கொஞ்சம் கூடவே காட்டும், கல்லீரலில் கோளாறு இருக்காது, கில்பர்ட் என்று டாக்டர் சொல்லியிருப்பார். அப்படிப்பட்டவர்களிடம் இதயநோய் குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அது பிலிருபினால்தானா என்பதை விளக்க... சரி, ஒரு விரல்தான் காட்டுகிறார்கள். வணக்கம்.