உறக்கத்திலும் ஓயாத நாடி

நேயர்களுக்கு என் வணக்கம். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிற, இரவில் உறக்கமின்றி எழுந்து நடமாடுகிற, சிறு சொல்லுக்கும் கண்கலங்குகிற ஒருவர் வீட்டில் இருந்தால், அவருக்கு மனம் சரியில்லை என்று நாம் எளிதில் முடிவுகட்டி விடுகிறோம். அந்த முடிவுக்கு வருமுன் அவருடைய நாடியை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள் என்று நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்தாலும் இப்படி நேரும்.

டப்ளின் நகரத்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ், 1835இல் வெளிவந்த தமது விரிவுரையில், இருபது வயதுப் பெண் ஒருவரைப் பற்றிக் கூறுகிறார். அப்பெண்ணுக்குத் தோன்றிய குறிகளை முதலில் ஹிஸ்டீரியா, அதாவது மனக்கொந்தளிப்பு, என்றே கருதினார்கள். சுமார் மூன்று மாதம் கழிந்த பிறகுதான் அவருடைய நாடி வழக்கத்திற்கு மாறாக விரைவது கண்ணில் பட்டது. பின்னர் விழிகள் பிதுங்கி, உறங்கும்போதும் இமைகள் மூட முடியாமல் போயின. தொண்டையின் முன்புறம் குதிரை லாடத்தின் வடிவில் ஒரு வீக்கம் எழுந்தது. அந்த வீக்கம் தைராய்டு சுரப்பி. விழியும் கழுத்தும் காட்டிக்கொடுப்பதற்கு வெகுநாள் முன்பே நோய் அவருடைய மனநிலையில் வெளிப்பட்டிருந்தது என்பதையும், அந்த மூன்று மாதம் அவர் என்ன பெயர் சுமந்திருப்பார் என்பதையும் நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. மூன்று மாதம், நேயர்களே!

தைராய்டு சுரப்பு மிகும்போது, அச்சத்தில் சுரக்கும் அட்ரினலினுக்கு உடல் அளவுக்கு மீறி எதிர்வினை காட்டுகிறது. அதனால் அஞ்சுவதற்கு ஒன்றும் இல்லாதபோதே நெஞ்சு படபடக்கிறது, விரல்கள் நடுங்குகின்றன, மனம் ஒன்றில் நிலைக்க மறுக்கிறது. சிலருக்கு அளவுகடந்த உற்சாகமும், அரிதாகச் சிலருக்கு மனப்பிறழ்வும் வருவதுண்டு. வெறும் பதற்றத்தில் உள்ளங்கை பெரும்பாலும் குளிர்ந்து வியர்க்கும். இந்நோயிலோ வெதுவெதுப்பாக ஈரமாயிருக்கும். பதற்றக்காரரின் நாடி உறக்கத்தில் அடங்கிவிடும். தைராய்டு மிகுந்தவரின் நாடியோ உறக்கத்திலும் விரையும். நன்றாக உண்டும் உடல் மெலிவதையும், பிறருக்கு இதமான அறை அவருக்கு மட்டும் புழுங்குவதையும் உடன்வைத்துப் பாருங்கள். உறுதிசெய்ய, தைராய்டைத் தூண்டும் இயக்குநீரை அளக்கும் டி.எஸ்.எச். முதலிய இரத்தப் பரிசோதனைகள் போதும். முடி உதிர்வுக்காகப் பயோட்டின் மாத்திரை உண்பவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அது சில ஆய்வுமுறைகளில் இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும்.

சிகிச்சையில் பொறுமை வேண்டும். கார்பிமசோல் என்ற மருந்து புதிய சுரப்பைத் தடுத்தாலும், சுரப்பிக்குள் ஏற்கெனவே சேர்ந்திருப்பது தீர வாரங்கள் ஆகும். அதுவரை படபடப்பைத் தணிக்கப் புரோப்ரனலால் என்ற மருந்தைக் கொடுப்பார்கள், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. சுரப்பு சீரானதும் பெரும்பாலோருக்கு மனமும் தெளிகிறது. சிலருக்குப் பதற்றமும் சோர்வும் நீடிக்கும். அவர்களுக்கு மனநல மருத்துவரின் துணை தேவை.

முதியோரைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. அவர்களிடம் இதே நோய் நேர்மாறாகவும் வரலாம்: படபடப்புக்குப் பதில் மௌனம், பசியின்மை, எதிலும் பற்றற்ற முகம். 1931இலேயே பாஸ்டன் அறுவை மருத்துவர் ஃபிராங்க் லாஹி இதை எழுதினார். தாத்தா ஒடுங்கிப்போய் மெலிகிறார் என்றால், மூப்பு என்று விட்டுவிடாமல் அவருக்கும் அதே இரத்தப் பரிசோதனையைச் செய்யுங்கள். வணக்கம்.