ஸ்டேஷன் இல்லாத இடம்

நேயர்களுக்கு வணக்கம். வானியல் படிக்கத் தொடங்கியிருக்கும் மாணவர்களுக்காகப் பிரபஞ்சம், சார்பியல், கருந்துளை மூன்றையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கையில் இருப்பது பதினைந்து நிமிடம். அதனால், உங்கள் காதுக்கு ஏற்கெனவே பழக்கமான ஓர் இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பா அதன் முன்னால் உட்கார்ந்து சிற்றலையில் முள்ளை நகர்த்துவார். ஏதோ ஒரு நாட்டின் பாட்டு வரும், போகும். நடுநடுவே 'உஸ்' என்று ஓர் இரைச்சல், அடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது கேட்குமே, அது மாதிரி. "அது என்னப்பா சத்தம்?" என்று கேட்டேன். "அது ஒண்ணுமில்லடா, ஸ்டேஷன் இல்லாத இடம்" என்றார்.

அந்த 'உஸ்'ஸுக்குள் பால்வீதி இருந்தது என்பது கல்லூரியில் படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதுதான்: பிரபஞ்சத்தைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி, யாரோ ஒருவர் இரைச்சலை ஒதுக்கித் தள்ளாமல் உட்கார்ந்து கேட்டதால் கிடைத்தது.

முதலில் கேட்டவர் கார்ல் ஜான்ஸ்கி. அமெரிக்காவில் பெல் தொலைபேசி ஆய்வகத்தின் இளம் பொறியாளர். அட்லாண்டிக் கடலைத் தாண்டி ரேடியோ வழியே தொலைபேசி பேசத் தொடங்கியிருந்த காலம் அது. பேச்சைக் கெடுக்கும் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது அவருக்குக் கொடுத்த வேலை. நியூ ஜெர்சி மாநிலத்து ஹோம்டெல் என்ற ஊரில், ஒரு வயலில், முப்பது மீட்டர் நீள ஆண்டெனா ஒன்றை எழுப்பினார். ஃபோர்டு மாடல் டி காரின் சக்கரங்கள் மேல் அது வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். பக்கத்து இடி மின்னலின் சத்தம் கிடைத்தது. தூரத்து இடி மின்னலின் சத்தமும் கிடைத்தது. இரண்டும் போக, மெல்லிய, சீரான ஓர் இரைச்சல் மிஞ்சியது. தினமும் ஒரு முறை ஏறி இறங்கியது. முதலில் சூரியன் என்றுதான் நினைத்தார். ஆனால் மாதங்கள் போகப் போக அது சூரியனை விட்டு விலகிக்கொண்டே போனது. 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இல்லை, 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு முறை வந்தது.

அந்த நான்கு நிமிடத்தைச் சற்றுக் கவனியுங்கள். நட்சத்திரங்கள் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட நான்கு நிமிடம் முன்னதாக உதிக்கும். அதனால்தான் கார்த்திகை மாதத்தில் பொழுது சாயும்போது கிழக்கே எழும் கார்த்திகைக் கூட்டம், மாசியில் அதே நேரத்துக்கு உச்சியில் நிற்கிறது. ஆக, இரைச்சல் நட்சத்திரங்களின் கடிகாரப்படி வருகிறது. திசை பார்த்தால் தனுசு ராசி, நம் பால்வீதியின் மையம் இருக்கும் பக்கம். 1933-இல் இதை அறிவித்தார். அதே ஆண்டு மே 15-ஆம் தேதி, என்பிசி என்ற அமெரிக்க வானொலி நிறுவனம் அந்த இரைச்சலை வானொலியிலேயே ஒலிபரப்பியது. மக்கள் வீட்டில் உட்கார்ந்து பால்வீதியைக் கேட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஒலிபரப்பு அது.

இன்னொரு விஷயம். ஜான்ஸ்கியின் ஆண்டெனா வேலை செய்தது பதினைந்து மீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்தில். எங்கள் வீட்டு ரேடியோவில் இருந்த சிற்றலை வரிசைதான் அது.

முப்பது வருடம் கழித்து, அதே ஹோம்டெல்லில், அதே நிறுவனத்தில், பென்சியாஸ், வில்சன் என்று இரண்டு பேர். இவர்களுடையது கொம்பு வடிவ ஆண்டெனா, ஏழு சென்டிமீட்டர் அலைநீளம். இவர்களுக்கும் போகாத ஓர் இரைச்சல். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவு. பகலிலும் இரவிலும், எல்லாப் பருவத்திலும் அதே அளவு. கொம்புக்குள் கூடு கட்டியிருந்த புறாக்களைத் தொலைவில் கொண்டுபோய் விட்டார்கள். அவை திரும்பி வந்தன. எச்சத்தைச் சுரண்டிக் கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை. 1965-இல்தான் அது என்ன என்று புரிந்தது. பிரபஞ்சம் பிறந்து 3 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள் ஆனபோது கிளம்பிய ஒளி, 1380 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்திருக்கிறது.

ஒளி எப்படி ரேடியோ இரைச்சல் ஆகும்? வீட்டில் ஒரு எலாஸ்டிக் துண்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், பாவாடைக்குக் கோப்பதுதான். அதன் மேல் பேனாவால் சம இடைவெளியில் புள்ளிகள் வையுங்கள். இரண்டு முனையையும் பிடித்து இழுங்கள். எந்தப் புள்ளியில் ஓர் எறும்பு உட்கார்ந்திருந்தாலும், மற்ற எல்லாப் புள்ளிகளும் தன்னை விட்டு விலகுவதாகத்தான் அதற்குத் தெரியும். பக்கத்துப் புள்ளி கொஞ்சம் விலகும், தூரத்துப் புள்ளி நிறைய விலகும். எட்வின் ஹப்பிள் என்ற வானியலாளர் 1929-இல், நம் பால்வீதி போன்ற மற்ற விண்மீன் மண்டலங்களில் கண்டது இதுதான்: பிரபஞ்சம் விரிகிறது. இப்போது அதே எலாஸ்டிக்கில் ஒரு சின்ன நெளிகோடு வரைந்துவிட்டு இழுங்கள். நெளிவுகள் நீண்டுபோகும். அந்த ஆதி ஒளியின் அலைகளும் இப்படித்தான் சுமார் 1100 மடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரிந்த நிலையிலிருந்து நுண்ணலை என்ற குட்டை ரேடியோ அலையாகிவிட்டன. நெருப்பாக இருந்தது இன்று மைனஸ் 270 டிகிரிக் குளிராக ஆகியிருக்கிறது.

சரி, இப்போது ஊட்டிக்கு வருவோம். மாணவர்களை அழைத்துக்கொண்டு நான் அதிகம் போன இடம் அது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை. உருளைக்கிழங்கு வயல்களைத் தாண்டிப் போனால், ஒரு மலைச் சரிவின் மேல் அரை கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கிறது ஊட்டி ரேடியோ தொலைநோக்கி. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். கிண்ணம் மாதிரி இருக்காது. நெடுக்கில் பாதியாகப் பிளந்த மூங்கிலை நினைத்துக்கொள்ளுங்கள். 24 இரும்புச் சட்டங்கள், அவற்றின் மேல் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை 1100 மெல்லிய எஃகுக் கம்பிகள். பனி இறங்கும் காலையில் கீழே நின்று பார்த்தால் கம்பிகள் கண்ணுக்கே தெரியாது. சட்டங்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறிப் பனிக்குள் மறையும். ஒருமுறை ஒரு மாணவி, "சார், இதை ஏன் சமதளத்தில் கட்டாமல் மேட்டில் கட்டினார்கள்?" என்று கேட்டாள். அதற்காகவே காத்திருந்தேன்.

பூமி தன் அச்சில் சுழல்கிறது. அதனால் வானத்து நட்சத்திரம் எல்லாம் நகர்கிறது. தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருந்துவிட்டால், கதவு கீலில் திரும்புவது போல ஒரே ஒரு திருப்பத்தில் நட்சத்திரத்தைத் தொடரலாம். பூமியின் அச்சு நோக்குவது துருவ நட்சத்திரத்தை. ஊட்டியில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் சுமார் 11 பாகையில் தெரியும். வடக்கு நோக்கி அதே 11 பாகை ஏறும் ஒரு மலைச் சரிவு கிடைத்தால், மலையே தொலைநோக்கிக்குத் தாங்கி. கோவிந்த் ஸ்வரூப் என்ற விஞ்ஞானி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் தம் குழுவோடு அப்படி ஒரு சரிவைத் தேடி முத்தோரையில் கண்டுபிடித்தார். வடமுனை தென்முனையைவிட நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தில்லியில் கட்டினால் 28 பாகை ஏற வேண்டும், இந்த நீளத்துக்கு அது நடக்காது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பது இப்படி உதவியது. 1970-இல் தொலைநோக்கி வேலை செய்யத் தொடங்கியது. வடிவமைப்பும் கட்டுமானமும் இந்தியாவிலேயே நடந்தவை.

அது செய்த வேலை இன்னும் அழகு. அறைக்குள் ஒரு விளக்கு எரிகிறது, நீங்கள் வெளியே நிற்கிறீர்கள், கதவு மெதுவாகச் சாத்திக்கொள்கிறது. உள்ளே இருப்பது சின்ன பல்பு என்றால் வெளிச்சம் சட்டென்று மறையும். டியூப்லைட் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக மறையும். விளக்கைப் பார்க்காமலே அதன் அளவைச் சொல்லிவிடலாம். ஊட்டியில் கதவு, நிலா. தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றின் ரேடியோ அலைகளை நிலா மறைக்கும்போது, முள் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்து அதன் அளவைக் கணித்தார்கள். இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்டவை.

எதற்காக? பிரபஞ்சம் என்றைக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது என்ற கொள்கையை ஃபிரெட் ஹாயில், பாண்டி, கோல்டு ஆகிய விஞ்ஞானிகள் 1948-இல் முன்வைத்திருந்தார்கள். அது சரியென்றால் தூரத்தில் இருப்பவையும் அருகில் இருப்பவையும் ஒன்றுபோல இருக்க வேண்டும். தூரம் என்றால் பழைய காலம், இதை மறக்க வேண்டாம். அங்கிருந்து கிளம்பிய அலை இப்போதுதான் வந்து சேர்கிறது. 1975-இல் ஸ்வரூப்பும் அவர் குழுவைச் சேர்ந்த கபாஹியும் வெளியிட்ட கணக்குப்படி, பழைய காலத்து ரேடியோ விண்மீன் மண்டலங்கள் இன்றையவை போல இல்லை. பிரபஞ்சம் மாறியிருக்கிறது. அதற்குள், பிரபஞ்சம் ஒரு காலத்தில் நெருக்கமாக, சூடாக இருந்து விரிந்தது என்ற பெருவெடிப்புக் கொள்கையின் பக்கம் வேறு சான்றுகளும் சேர்ந்திருந்தன. ஆனால் நீலகிரியின் ஒரு சரிவிலிருந்து, நிலாவைக் கதவாக்கி வந்த சான்று இது. மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் குரல் உயரும்.

ஊட்டியிலேயே நேரம் போய்விட்டது. நான்கு நிமிடம்தான் மீதி. சார்பியலும் கருந்துளையும் பாக்கி.

சார்பியலுக்கு உங்கள் கைபேசியே போதும். கல்யாண மண்டபத்துக்கு வழி காட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் அணுக் கடிகாரங்களோடு சுற்றுகின்றன. அங்கே ஈர்ப்பு குறைவு. ஈர்ப்பு குறைந்தால் கடிகாரம் வேகமாக ஓடும் என்கிறது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல். அதனால் நாளுக்கு 45 மைக்ரோ விநாடி முந்தும். வேகமாகப் பறப்பதால் 7 மைக்ரோ விநாடி பிந்தும். மிச்சம் 38. இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் பிழை வரும்.

ஈர்ப்பு கூடக் கூடக் கடிகாரம் மெதுவாகும் அல்லவா? அதைக் கடைசி வரைக்கும் கொண்டுபோனால் கருந்துளை. பூமியை ஒரு கோலிக்குண்டு அளவுக்கு நசுக்கினால் அதிலிருந்து ஒளிகூட வெளியே வராது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அதன் விளிம்பில் கடிகாரம் நின்றே போகும். கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்று பயப்பட வேண்டாம். சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளை வந்தால் நாம் குளிரில் உறைவோம், ஆனால் பூமி இதே பாதையில்தான் சுற்றும்.

நம் பால்வீதியின் நடுவிலும் ஒன்று இருக்கிறது. அதை 16 ஆண்டுக்கு ஒரு முறை சுற்றிவரும் ஒரு நட்சத்திரத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, அதன் நிறை 40 லட்சம் சூரியன் என்று கணித்தார்கள். விஞ்ஞானிகள் கென்சலுக்கும் கெஸ்ஸுக்கும் 2020-இல் இதற்குத்தான் நோபல் பரிசு. 2022 மே மாதம் அதன் படமும் வந்தது. அதை எடுத்தவையும் ரேடியோ தொலைநோக்கிகள்தான். ஜான்ஸ்கி கேட்ட இரைச்சல் அந்தக் கருந்துளையின் சத்தம் இல்லை, பால்வீதி முழுவதும் சேர்ந்து எழுப்பியது. ஆனால் அவருடைய ஆண்டெனா காட்டிய திசை அதுதான்.

ஆடி மாதம், மேகம் இல்லாத இரவில், ஒன்பது மணி போல மொட்டை மாடிக்குப் போய்த் தெற்கே பாருங்கள். தேள் வடிவம் எளிதில் தெரியும். அதன் வால்தான் மூலம் நட்சத்திரம். வால் நுனியிலிருந்து வடக்கே, சற்றுக் கிழக்காக, நீட்டிய கையின் ஒரு கைமுட்டி தூரத்தில், கண்ணுக்கு எதுவும் தெரியாத ஓர் இடம் இருக்கும். அங்கேதான் இருக்கிறது அந்தக் கருந்துளை.

வணக்கம்.